ஒரே சேலை, ஒரே படம், நான்கு நிறம்: கேமராவும் எடிட்டிங் செயலியும் ஏன் ஒத்துப்போவதில்லை?

அக்காவின் கல்யாணம். அரக்கு நிறப் பட்டுச்சேலை. கேமராவும் கையுமாக நீங்கள்தான் மண்டபம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். எடுத்த படத்தைக் கேமராவின் பின்திரையில் காட்டினால், "சூப்பரா வந்திருக்கு!" என்கிறார்கள் எல்லாரும்.

வீட்டுக்கு வந்து மடிக்கணினியில் லைட்ரூமைத் திறக்கிறீர்கள். முதல் நொடி அதே அரக்கு. அடுத்த நொடி சேலை செங்கல் நிறத்துக்குப் போய்விடுகிறது. அக்காவின் முகத்தில் இருந்த களையைக் காணோம். நீங்கள் இன்னும் எதையும் தொடவே இல்லை!

அதே கோப்பைக் கேப்சர் ஒன் செயலியில் திறந்தால் வேறோர் அரக்கு. இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிளில் இன்னொன்று.

"கேமரா கெட்டுப்போச்சா? கணினித் திரை சரியில்லையா?"

இரண்டும் இல்லை. ரா கோப்பு என்பது முடிந்த படம் அல்ல. அதற்கு நிறம் கொடுப்பது அதைத் திறக்கும் மென்பொருள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கை, ஒரு ருசி.

ரா கோப்புக்குள் என்னதான் இருக்கிறது?

கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பதை மட்டும்தான் அது எண்ணும். அதனால்தான் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு குட்டி வண்ண வடிகட்டியை வைக்கிறார்கள். இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்ற அடுக்கு. கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் கண்டுபிடித்த முறை இது. 1976இல் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பெரும்பாலான கேமராக்களிலும் கைத்தொலைபேசிகளிலும் இருப்பது இதே அடுக்கு அல்லது இதன் ஏதோ ஒரு வடிவம்தான்.

உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 மில்லியன் புள்ளிகள் பச்சையை மட்டும் பார்க்கும். 6 மில்லியன் சிவப்பை மட்டும், 6 மில்லியன் நீலத்தை மட்டும். ஒரு புள்ளிக்கு மூன்று எண்கள் தேவை. கையில் இருப்பதோ ஒன்று. மற்ற இரண்டையும் மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கிறது. அதாவது, உங்கள் படத்தில் உள்ள நிறத் தகவலில் மூன்றில் இரண்டு பங்கு கணக்குப் போட்டு நிரப்பியது.

அந்த எண்களை எந்தத் திருத்தமும் செய்யாமல் திரையில் போட்டால் எப்படி இருக்கும் தெரியுமா? இருட்டாக, பச்சை பூசினாற்போல இருக்கும். தமிழில் சமைக்காததையும் பச்சை என்கிறோம், அந்த நிறத்தையும் பச்சை என்கிறோம். ரா கோப்பு இரண்டு அர்த்தத்திலும் பச்சைதான்.

பிறகு சமையல். ஒரே புளி, ஒரே பருப்பு, ஒரே காய்தான். ஆனால் அம்மா கை சாம்பார் வேற, பெரியம்மா கை சாம்பார் வேற இல்லையா?

கண்ணுக்குத் தெரிவதும் கேமராவுக்குத் தெரிவதும்

"சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு எண் கிடைச்சாச்சு. அப்புறம் என்ன குழப்பம்?"

குழப்பமே இங்குதான் தொடங்குகிறது. கேமராவின் சிவப்பு வடிகட்டி உள்ளே விடும் ஒளியும், நம் கண்ணுக்குள் இருக்கும் கூம்பு அணுக்கள் ஏற்கும் ஒளியும் ஒன்றல்ல. கண்ணைப் போலவே நிறத்தைப் பிரிக்க ஒரு கருவி என்ன நிபந்தனையைப் பூர்த்தி செய்யவேண்டும் என்பதை ராபர்ட் லூதர் என்ற ஆய்வாளர் 1927இலேயே வகுத்துவிட்டார். கடையில் கிடைக்கும் கேமராக்கள் அதை முழுமையாக நிறைவேற்றுவதில்லை. வெளிச்சம் குறைந்த இடத்திலும் தெளிவாக எடுக்க வேண்டும், படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரக்கூடாது என்று வேறு கவலைகளும் நிறுவனங்களுக்கு உண்டு. அதற்காக நிறத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள்.

விளைவு என்ன? உங்கள் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இரண்டு துணிகள் கேமராவுக்கு இரண்டு நிறமாகத் தெரியலாம். கண்ணுக்கு வேறாகத் தெரிபவை கேமராவுக்கு ஒன்றாகிவிடலாம். இரண்டாவது வகையில் இழந்ததை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

அதிகம் மாட்டிக்கொள்வது ஊதா. கண்ணுக்குக் கத்தரிப்பூ நிறமாகத் தெரியும் பூ பல கேமராக்களில் நீலமாகவே பதியும். சந்தேகமா? நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமை இரண்டு வேறு நிறுவனங்களின் கேமராக்களில் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் பேர்போன கதை ஒன்று உண்டு. 2006இல் லைக்கா நிறுவனத்தின் எம்8 கேமரா வெளிவந்தது. விலை உயர்ந்த கேமரா. வாங்கியவர்களுக்கு அதிர்ச்சி! கறுப்புச் செயற்கைத் துணிகள் படத்தில் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரிந்தன. அந்தத் துணிகள் அகச்சிவப்புக் கதிர்களைப் பிரதிபலிக்கின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது. உணரிக்குத் தெரியும். அதைத் தடுக்க உணரியின் முன்னால் வைக்கும் கண்ணாடி அந்தக் கேமராவில் போதிய அளவு தடுக்கவில்லை. கடைசியில் லென்சில் மாட்டிக்கொள்ளும் வடிகட்டிகள் இரண்டை லைக்கா இலவசமாகவே கொடுத்தது.

அந்த ஒரு நொடியில் நடந்தது என்ன?

லைட்ரூமில் படம் கண்ணெதிரே மாறியதே, அதற்கு வருவோம்.

நீங்கள் ரா கோப்பாக எடுத்தாலும், கேமரா அதற்குள் ஒரு சிறிய ஜேபெக் படத்தையும் செருகி வைக்கிறது. பின்திரையில் நீங்கள் பார்த்தது அந்த ஜேபெக்கைத்தான். கேமரா நிறுவனத்தின் சொந்தச் சமையல் அது. கேனன் அதைப் பிக்சர் ஸ்டைல் என்கிறது, நிக்கான் பிக்சர் கண்ட்ரோல் என்கிறது. ஃபியூஜிஃபில்மில் புரோவியா, வெல்வியா என்று அந்தக்கால ஃபிலிம்களின் பெயர்களே இருக்கும்.

லைட்ரூம் முதலில் அந்தச் சிறிய படத்தைத்தான் காட்டும். பின்னணியில் தன் சொந்தக் கணக்கை முடித்ததும் அதை எடுத்துவிட்டுத் தன்னுடையதைப் போடும். உங்கள் படம் கெட்டுப்போகவில்லை, சமையல்காரர் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

நிறுவனங்கள் தங்கள் நிறச் சூத்திரத்தை வெளியே சொல்வதில்லை. அதனால் அடோபி தானாகவே ஒவ்வொரு கேமராவையும் சோதித்து ஒரு வண்ணக் குறிப்பு தயாரிக்கிறது. வழக்கமாக இரண்டு ஒளிகளுக்கு அதைக் கணக்கிடுகிறார்கள். ஒன்று பழைய குண்டு விளக்கின் மஞ்சள் ஒளி, சுமார் 2850 கெல்வின். மற்றது பகல் வெளிச்சம், சுமார் 6500 கெல்வின். நீங்கள் எடுத்த வெளிச்சம் இவற்றுக்கு நடுவே எங்கே விழுகிறதோ, அதற்கேற்ப இரண்டையும் கலக்கிறார்கள். அந்தக் கலவையின் மேல் ‘அடோபி கலர்’ என்ற பொதுவான தோற்றம் வரும். 2018 முதல் லைட்ரூம் தொடக்கத்தில் கொடுப்பது அதைத்தான்.

கேப்சர் ஒன் தன் சொந்த வண்ணக் குறிப்புகளைத் தனியாகத் தயாரிக்கிறது. டார்க்டேபிளின் போக்கே வேறு. கேமராவின் ஜேபெக்கைப் போலக் காட்டவேண்டும் என்று அது நினைப்பதே இல்லை. எளிமையான ஒரு கணக்கோடு நிறுத்திக்கொண்டு, "மிச்சத்தை நீயே பார்த்துக்கோ" என்று விட்டுவிடும். முதல்முறை திறப்பவர்கள் "ஏன் இவ்வளவு டல்லா இருக்கு?" என்று மூடிவிடுவது இதனால்தான். பாவம், நல்ல செயலி.

கேமராவில் பார்த்த அதே நிறம் வேண்டுமா? நிறுவனத்தின் சொந்தச் செயலியில் திறந்தால் அநேகமாக அப்படியே வரும். கேனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ. இரண்டும் இலவசம். வேகம் கொஞ்சம் குறைவு.

வெள்ளை எது என்று யார் முடிவு செய்வது?

2020 செப்டம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவில் காலை விடிந்தும் விடியாத மாதிரி. காட்டுத்தீயின் புகை மூடி வானம் முழுவதும் ஆரஞ்சு நிறம். மக்கள் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள். படத்தில் வானம் சாம்பல்!

கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை செய்த வேலை அது. எங்கும் ஆரஞ்சாக இருந்தால், "விளக்கு மஞ்சளா இருக்கு போல" என்று நினைத்து நீலத்தைக் கூட்டிச் சரிசெய்துவிடும். வீட்டுக்குள் அது உதவி. அன்று அது நடந்ததை மறைத்துவிட்டது. புகைமூட்டம் நமக்கும் புதிதில்லை. அப்படி ஒரு நாளில் படம் எடுத்து அனுப்பும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ரா கோப்பாக எடுத்திருந்தால் வெள்ளைச் சமநிலையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அதில்கூட ஒரு வேடிக்கை. கேமராவில் 5200 கெல்வின் என்று வைத்து எடுத்த படத்தை வேறு செயலியில் திறந்தால் எண் வேறாக இருக்கும். தவறில்லை. கேமரா கோப்பில் எழுதி வைப்பது சிவப்பையும் நீலத்தையும் எத்தனை மடங்கு கூட்டவேண்டும் என்பதை. அதைக் கெல்வினாக ஒவ்வொரு செயலியும் தன் கணக்கில் மொழிபெயர்க்கிறது. ஆகவே நண்பரிடம் "5200 வெச்சுக்கோ" என்று சொல்வதில் பெரிய பயன் இல்லை.

நம் தோல் நிறத்துக்கு வந்தால்...

பூவும் சேலையும் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். முகம் மாறினால்?

ஃபிலிம் காலத்தில் படம் கழுவும் கூடங்களுக்குக் கோடாக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவர் இருப்பார். ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். அவருடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. மற்றவர்களின் தோல் எப்படி வந்தது என்பது அந்தச் சோதனையில் இல்லவே இல்லை.

கனடாவின் ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கோடாக் பழுப்பு நிறங்களைச் சரியாகக் காட்டும் ஃபிலிம்மை யோசிக்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம், சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் கொடுத்த புகார்கள். கறுப்புச் சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் விளம்பரத்தில் வேறுபாடு தெரியவில்லையாம். மனிதர்களின் முகத்துக்காக அந்த அவசரம் வரவில்லை. படிக்கும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

டிஜிட்டலில் அட்டை போய்விட்டது. சிக்கல் முழுதாகப் போகவில்லை.

நம் கல்யாணத்தையே எடுத்துக்கொள்வோம். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கேமராவின் ஒளி அளவி அந்த வெள்ளையைப் பார்த்து "வெளிச்சம் அதிகம்" என்று குறைத்துவிடும். முகம் இருண்டுவிடும். பிறகு எடிட்டிங்கில் நிழலைத் தூக்குகிறீர்கள். முகம் தெளிகிறது, ஆனால் சாம்பல் பூத்தமாதிரி. இருட்டில் பதிந்த சிவப்பும் மஞ்சளும் தூக்கும்போது வெளிறிப்போகும், இரைச்சலும் கூடவே வரும். "என்னண்ணே, என் முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று மணமகள் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

செயலிகள் படத்துக்கு எடுப்பு கொடுக்க ஒளி வளைவு ஒன்றைப் பயன்படுத்தும். அதைச் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தனித்தனியாகச் செலுத்தினால் நிறத்தின் அடர்த்தி கூடும், நிறமே கொஞ்சம் நகரும். பழுப்புத் தோலில் அது ஆரஞ்சாகத் தெரியும். எந்தச் செயலி எந்த வளைவைப் பயன்படுத்துகிறது என்பதில்தான் பாதி வேறுபாடு இருக்கிறது.

நிறுவனங்கள் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. 2021இல் பிக்சல் 6 கைத்தொலைபேசியோடு கூகல் ‘ரியல் டோன்’ என்ற முறையை அறிமுகப்படுத்தியது. 2022இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய 10 தோல் நிறங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டது. முன்பு பலர் பயன்படுத்திய அளவுகோலில் 6 வகைகள்தான், அதுவும் வெயிலில் தோல் எப்படிக் கருகும் என்பதைப் பார்க்க ஒரு தோல் மருத்துவர் உருவாக்கியது.

எங்களைக் கேட்டால், ஒரு கேமராவையோ செயலியையோ வாங்குமுன் விளம்பரத்தில் வரும் மலையையும் சூரிய அஸ்தமனத்தையும் பார்க்கவேண்டாம். உங்கள் அம்மாவை, உங்கள் வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில், குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்துப் பாருங்கள்.

செய்திப் படத்தில் எதை நம்புவது?

செய்தி நிறுவனங்களுக்கு இது தலைவலி. 2015 நவம்பரில் ராய்ட்டர்ஸ் தனக்குப் படம் அனுப்பும் சுயாதீனப் படப்பிடிப்பாளர்களிடம், ரா கோப்பிலிருந்து தயாரித்த படங்களை அனுப்பவேண்டாம் என்று சொன்னது. கேமராவிலேயே ஜேபெக்காக எடுத்தவை மட்டும் போதும் என்றது. வேகம் ஒரு காரணம். படங்கள் நடந்ததை நடந்தபடி காட்டவேண்டும் என்பது இன்னொரு காரணம்.

உலகப் பத்திரிகைப் படப் போட்டியை நடத்தும் வோர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்போ நேர்மாறாக, இறுதிச் சுற்றுகளுக்கு வரும் படங்களுக்கு ரா கோப்பைக் கேட்கிறது. 2013இல் சுவீடனின் பால் ஹான்சன் காஸாவில் எடுத்த இறுதி ஊர்வலப் படம் முதல் பரிசு பெற்றது. அது உண்மையான படமா, ஒட்டி உருவாக்கியதா என்று இணையத்தில் பெரிய விவாதம். நிபுணர்கள் ரா கோப்பை வைத்துப் பார்த்தார்கள். நிறமும் ஒளியும் திருத்தப்பட்டிருந்தன, ஆனால் படம் ஒட்டுவேலை அல்ல என்றார்கள்.

ஒரு நிறுவனம் ஜேபெக்கை நம்புகிறது, இன்னொன்று ராவை. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதைச் சேர்த்தார்கள், எதை நீக்கினார்கள் என்பதற்கு ரா கோப்பு நல்ல சாட்சி. நிறத்துக்கு அது சாட்சி ஆகாது, ஏனென்றால் நிறம் அதில் முடிவாகவில்லை. ஜேபெக்கில் நிறம் முடிவாகியிருக்கும், ஆனால் முடிவு செய்தது சம்பவ இடத்தில் இல்லாத ஒரு பொறியாளர்.

தீபாவளி ஒளியூட்டு ஏன் சொதப்புகிறது?

சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டை எடுத்தவர்களுக்குத் தெரியும். அடர்நீல எல்இடி விளக்குகள் படத்தில் ஒரே நீலத் திட்டாக, விவரமே இல்லாமல் வரும்.

காரணம் எளிது. இணையத்தில் பெரும்பாலான படங்கள் எஸ்ஆர்ஜிபி என்ற நிற எல்லைக்குள் இருக்கின்றன. 1996இல், கனமான பழைய கண்ணாடித் திரைகளை மனத்தில் வைத்து எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்மொழிந்தது அது. எல்இடியின் தூய நீலம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. எல்லைக்கு வெளியே உள்ளதைச் செயலி உள்ளே இழுக்கவேண்டும். ஒரு செயலி அப்படியே வெட்டிவிடும், ஒன்று மெதுவாக அமுக்கும், இன்னொன்றில் நீலம் ஊதாவாகத் திரும்பும். ஒளியளவைக் குறைத்து எடுத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, படம் எடுக்கத் தொடங்குமுன் ஒரு சாம்பல் அட்டையை அதே வெளிச்சத்தில் வைத்து ஒரு படம். பிறகு செயலியில் அந்த அட்டையைச் சொடுக்கினால் வெள்ளைச் சமநிலை சரியாகிவிடும். வெளிச்சம் மாறினால் மறுபடியும் ஒன்று. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை இருக்கிறது. 1976 முதல் புழக்கத்தில் உள்ள அட்டை. அதைப் படம் எடுத்து உங்கள் கேமராவுக்கு, உங்கள் வெளிச்சத்துக்கு என்று தனி வண்ணக் குறிப்பை நீங்களே தயாரிக்கலாம். இரண்டு கேமராக்களில் ஒரே கல்யாணத்தை எடுப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

லைட்ரூமில் நிறத்தை இழுத்துப் பிடித்துத் திருத்துமுன், மேலே உள்ள வண்ணக் குறிப்பை மாற்றிப் பாருங்கள். ‘கேமரா மேட்சிங்’ என்ற பிரிவில் உங்கள் கேமராவின் தோற்றத்தைப் பின்பற்றும் தெரிவுகள் இருக்கும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பலர் இதைத் தொடாமல் மணிக்கணக்கில் மற்ற அமைப்புகளோடு மல்லுக்கட்டுகிறார்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட வசதியாக, ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதிவுசெய்யும்படி கேமராவை அமைத்துக்கொள்ளுங்கள்.

கைத்தொலைபேசித் திரையில் பார்த்து நிறத்தை முடிவுசெய்தால், இரவுநேர மஞ்சள் திரை அமைப்பை அணைத்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், நிறைய பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இணையத்தில் சேலை விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்எஸ் புளூ என்றால் கடைக்காரருக்குப் புரியும், கேமராவுக்குப் புரியாது. மயில்கழுத்துப் பட்டு இன்னும் மோசம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம், சாய்த்துப் பார்த்தால் மாறும். அதை ஒரே படத்தில் ஒரே நிறமாக எந்தக் கேமராவாலும் காட்ட முடியாது. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் ஒரு படம், மடிப்பைத் திருப்பி இன்னொரு படம், சேலையின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். வாங்குபவரின் கண் அந்தத் தாளைப் பார்த்துச் சேலையின் நிறத்தைத் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். "கலர் வேறயா இருக்கு, திருப்பி எடுத்துக்கோங்க" என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள் கொஞ்சமாவது குறையும்.